ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை எங்கே வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை வேளைகளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு 'கோ, வென்ட், கான்' பட்டியல் வாய்ப்பாடு மாதிரி ராகத்தோடு தெரியும். தெரிந்தும் தடுமாறுகிறார்கள். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ் வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெரும்பாலும் விளக்குவேன். தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே யோசி என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

வி1, வி2, வி3 (கோ, வென்ட், கான் மாதிரி வினையின் மூன்று வடிவங்கள்) எல்லாம் மனப்பாடம். பேசும்போது மட்டும் ஏன் தப்பு வருகிறது?

வகுப்புக்கு வரும் ஒருவர் தன் மேலாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினார்: 'ஐ ஹேட் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே. டிட் யூ ரிசீவ்ட் இட்?' இரண்டே வாக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரு பிழை. ஆனால் 'சென்ட்', 'ரிசீவ்ட்' இரண்டுமே சரியான சொற்கள். பட்டியலில் அவர் கோட்டை விடவில்லை, சொல்லை வைத்த இடம்தான் தப்பு.

முதல் வாக்கியத்தைப் பிறகு பார்ப்போம். இரண்டாவதில் 'டிட்' வந்த உடனேயே இறந்தகாலம் வந்துவிட்டது. 'டூ' என்பதன் இறந்தகால வடிவம்தானே 'டிட்'? பிறகு 'ரிசீவ்ட்' என்று இன்னொரு தடவை ஏன்? 'டிட் யூ ரிசீவ் இட்?' என்றால் போதும். எதிர்மறையும் அப்படியே: 'ஐ டிட்ன்ட் கோ.' 'டிட்ன்ட் வென்ட்' கிடையாது.

இது நமக்குப் புதிதும் இல்லை. 'போனேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'போனேன் இல்லை' என்றா சொல்கிறோம்? 'போகவில்லை' என்கிறோம். 'போனேன்' கழன்று விழுந்து, காலமே காட்டாத 'போக' வந்து உட்காருகிறது. ஆங்கிலக்காரர் 'வென்ட்'டைக் கழற்றிவிட்டு 'கோ' போடுவதும் இதே வேலைதான். 'டிட்ன்ட் கோ' என்பதைப் 'போகவில்லை'க்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே கொஞ்சம் விரித்தால் ஒரு விதி கிடைக்கும். ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தால், காலம் முதல் சொல்லில் மட்டும்தான் ஏறும். 'வாஸ் கோயிங்', 'ஹேட் கான்', 'டிட் கோ', 'ஹேட் பீன் வெயிட்டிங்' எல்லாவற்றிலும் முதல் சொல்தான் இறந்தகாலம். பின்னால் வருபவை கூடவே வருகிற ஆட்கள். வி2 எப்போதும் தனியாகத்தான் நிற்கும், அதற்கு முன்னால் துணைவினை வராது. இது ஒன்று பதிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகவே தீரும்.

'ஐ வாஸ் வென்ட்' என்று வாயில் வந்துவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

'வாஸ்' என்றால் இறந்தகாலம் என்று மனதில் ஒட்டிக்கொண்டதால் வருவது. 'வாஸ்' என்பது 'இருந்தேன், இருந்தான்'. 'நான் இருந்தேன் போனேன்' என்று சொல்வோமா? ஒன்று 'ஐ வென்ட்', இல்லை 'ஐ வாஸ் கோயிங்' (போய்க்கொண்டிருந்தேன்).

இதற்கு நேர் எதிரான சிக்கல் 'பிறந்தேன்'. தமிழில் நாமேதான் பிறக்கிறோம். ஆங்கிலத்திலோ அம்மா பெற்றெடுக்க, நாம் பெறப்படுகிறோம். அதனால் 'ஐ பார்ன் இன் 1998' ஆகாது, 'ஐ வாஸ் பார்ன் இன் 1998'. நேர்காணலில் முதல் நிமிடத்திலேயே வரும் வாக்கியம் என்பதால் இதை மட்டும் உருப்போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈடி சேர்த்தால் எப்படி உச்சரிப்பது? 'வாக்கெட்', 'ஆஸ்கெட்' சரியா?

இல்லை. (ஈடி என்றால் வீட்டுக்கு ரெய்டு வருகிறவர்கள் அல்ல, வினையின் வாலில் ஒட்டும் ஈ, டி என்ற இரண்டு எழுத்துகள்.) எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் ஒலியில் இது மூன்று வகை.

வினை t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டும் ஒரு அசை கூடும்: 'வான்ட்' – 'வான்டிட்', 'நீட்' – 'நீடிட்', 'ஸ்டார்ட்' – 'ஸ்டார்டிட்'. மற்ற எந்த இடத்திலும் அசை கூடாது. 'வாக்' ஒரே அசை, 'வாக்ட்' என்பதும் ஒரே அசைதான். 'ஆஸ்க்ட்', 'லாஃப்ட்', 'வாஷ்ட்', 'ப்ளேய்ட்', 'கால்ட்' எல்லாமே ஒரே மூச்சு.

மிச்சம் இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் எழுத்தில் காட்டுவது கஷ்டம், ஏனென்றால் நம்மிடம் ஒரே 'ட'தான். ஆனால் ஒலி நம் வாயில் இருக்கிறது. 'பாட்டு' என்று சொல்லுங்கள், பிறகு 'பாடு' என்று சொல்லுங்கள். முதலில் வருவது அழுத்தமான ட, இரண்டாவது மெலிந்த ட. தொண்டை அதிராத ஒலியில் முடியும் வினைகளுக்கு (வாக், லாஃப், வாஷ், பாஸ்) 'பாட்டு' ஒலி. அதிரும் ஒலியில் முடிபவற்றுக்கு (ப்ளே, கால், லிவ்) 'பாடு' ஒலி. குரல்வளையில் விரலை வைத்துப் பார்த்தால் தெரியும்.

உண்மையைச் சொன்னால், இந்த இரண்டில் குழம்பினாலும் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. 'வாக்கெட்' என்று அசையைக் கூட்டினால்தான் காதில் உறுத்தும். அதை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்.

முன்னால் வரும் சொல்லுக்கேற்ப வால் மாறுவது தமிழுக்கும் பழக்கம்தான். பள்ளியில் படித்த இறந்தகால இடைநிலைகள் நினைவிருக்கிறதா? த், ட், ற், இன். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். நான்கு வாலை யாரும் சொல்லித்தராமல் மூன்று வயதில் பிடித்துக்கொண்டவர்கள் நாம்.

எழுத்துக்கூட்டலில் எங்கே எழுத்தை இரட்டிக்க வேண்டும்?

ஒரே அசை, நடுவில் ஒற்றை உயிரெழுத்து, கடைசியில் ஒற்றை மெய்யெழுத்து என்றால் கடைசி எழுத்து இரட்டிக்கும்: 'ஸ்டாப்' என்பதில் பி இரண்டு, 'ப்ளான்' என்பதில் என் இரண்டு. இரண்டு அசை உள்ள சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'ப்ரிஃபர்' என்பதில் பின்னால் விழுகிறது, எனவே ஆர் இரட்டிக்கும். 'விசிட்' என்பதில் முன்னால் விழுகிறது, எனவே டி இரட்டிக்காது.

ஒய்யில் முடிந்து அதற்கு முன் மெய்யெழுத்து இருந்தால் ஒய் போய் ஐ வரும் ('ஸ்டடி' – 'ஸ்டடீட்'). முன்னால் உயிரெழுத்து இருந்தால் ஒய் அப்படியே நிற்கும் ('ப்ளே'). 'பே', 'சே', 'லே' மூன்றும் மட்டும் அடங்காமல் 'பெய்ட்', 'செட்', 'லெய்ட்' என்று ஐ-டியில் முடியும். ஏற்கெனவே ஈயில் முடிந்தால் டி மட்டும் போதும்.

'ட்ராவல்' போன்ற சில சொற்கள் விதிக்கு அடங்காது. பிரிட்டிஷ் வழக்கில் எல் இரண்டு, அமெரிக்க வழக்கில் ஒன்று. உங்கள் நிறுவனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எழுதுங்கள். ஒரே மின்னஞ்சலில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒழுங்கில்லாத வினைகள் ஏன் இருக்கின்றன? எல்லாவற்றுக்கும் ஈடி போட்டால் என்ன குறைந்துவிடும்?

மொழியே அந்த வேலையைத்தான் மெதுவாகச் செய்துகொண்டிருக்கிறது. 2007இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றதாக இருந்த 177 வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 ஒழுங்கற்றதாகவே இருந்தன. இன்று 98. மற்றவை ஈடிக்கு மாறிவிட்டன. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் ஒரு காலத்தில் 'ஹோல்ப்'. இன்று 'ஹெல்ப்ட்'.

எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதையும் அந்த ஆய்வு சொன்னது. குறைவாகப் புழங்கும் வினை சீக்கிரம் ஒழுங்குக்கு வரும். நாள்தோறும் நாக்கில் புரளும் வினை பிடிவாதமாக நிற்கும். ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பத்து வினைகளை எடுங்கள்: பீ, ஹேவ், டூ, சே, கெட், மேக், கோ, நோ, டேக், ஸீ. பத்தும் ஒழுங்கற்றவை. தமிழிலும் வா – வந்தேன், சொல் – சொன்னேன், கேள் – கேட்டேன், சா – செத்தான் என்று, குழந்தை முதலில் கற்கும் சொற்கள்தான் கோணல். கடன் வாங்கிய சொல்லுக்கு நாம் மெனக்கெடுவதே இல்லை, 'டவுன்லோட் பண்ணேன்' என்று வாலை ஒட்டிவிடுகிறோம். அவர்களும் புதுச்சொல் எதுவானாலும் ஈடிதான்: 'கூகுள்ட்', 'டெக்ஸ்டிட்'.

'கோ' எப்படி 'வென்ட்' ஆனது என்று கேட்பார்கள். ஆகவில்லை. 'வென்ட்' என்பது 'வெண்ட்' (வழியே செல்) என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' அதை அபகரித்துக்கொண்டது. 'செண்ட்' (அனுப்பு) என்ற வினையின் இறந்தகாலம் 'சென்ட்' ஆவதைப் பாருங்கள், அதே அச்சு.

அப்படியானால் மனப்பாடம் செய்தே ஆக வேண்டுமா?

ஆம், ஆனால் அகர வரிசையில் வேண்டாம். அகர வரிசைப் பட்டியல் அச்சிடுகிறவருக்கு வசதி, படிக்கிறவருக்கு அல்ல. ஒலியில் உறவுள்ளவற்றைக் குடும்பமாகச் சேருங்கள். 'சிங், சாங், சங்' வீட்டில் ரிங், ட்ரிங்க், ஸ்விம், பிகின், ஸிங்க். 'க்ரோ, க்ரூ, க்ரோன்' வீட்டில் நோ, ப்ளோ, த்ரோ, கொஞ்சம் தூரத்து உறவாக ஃப்ளை, ட்ரா. 'ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன்' வீட்டில் ப்ரேக், ஸ்டீல், ஃப்ரீஸ். 'பாட்', 'தாட்', 'காட்', 'டாட்', 'ஃபாட்', 'ப்ராட்' என்று ஒரே எதுகையில் முடியும் பை, திங்க், கேட்ச், டீச், ஃபைட், ப்ரிங் ஒரு வீடு. மாறவே மாறாத சோம்பேறி வீடும் உண்டு: புட், கட், ஹிட், ஷட், லெட், காஸ்ட், ஹர்ட்.

'ரீட்' தனி ஆள். எழுத்து மாறாது, உச்சரிப்பு மட்டும் 'ரெட்' ஆகும்.

'போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்.' இதற்கு 'ஐ ஹேட் கான்' தானே?

இல்லை. அந்த வாட்ஸ்அப் செய்தியின் முதல் வாக்கியத்துக்கு இப்போது வருகிறோம். இந்தியா முழுக்க அலுவலக மின்னஞ்சல்களில் வருகிற பிழை இது. தமிழர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. 'போயிருந்தேன்' என்று சொன்னால் போனேன், அங்கே இருந்தேன், திரும்பியும் வந்துவிட்டேன் என்று மூன்றும் அடங்கிவிடும். 'மதுரைக்குப் போனேன்' என்று மொட்டையாகச் சொல்வதைவிட அது காதுக்கு இதமாக இருக்கிறது. அந்த 'இருந்தேன்' ஆங்கிலத்தில் 'ஹேட்' ஆகிவிடுகிறது.

ஆனால் ஆங்கில 'ஹேட்' தனியாக வராது. அதற்குத் துணையாக இன்னொரு இறந்தகால நிகழ்ச்சி வேண்டும், அதற்கும் முன்னால் நடந்தது என்று காட்டத்தான் 'ஹேட்'. 'வென் ஐ ரீச்ட் த பஸ் ஸ்டாண்ட், த பஸ் ஹேட் லெஃப்ட்.' நான் போய்ச் சேர்ந்தது ஒன்று, பஸ் கிளம்பியது அதற்கும் முன்பு. 'ஹேட்' இல்லாமல் 'த பஸ் லெஃப்ட்' என்றால் நான் போய்ச் சேர்ந்ததும் கண்ணெதிரே கிளம்பிவிட்டது என்று ஆகும். ஒரு சொல்லில் கதை மாறுகிறது.

மதுரைக்கு அப்படி எதுவும் இல்லை. 'ஐ வென்ட் டு மதுரை லாஸ்ட் வீக்.' கோப்புக்கும் அதேதான்: 'ஐ சென்ட் த ஃபைல் எஸ்டர்டே.'

'ஐ ஹேவ் ஸீன் ஹிம் எஸ்டர்டே' ஏன் தவறு?

'ஹேவ்' நிகழ்காலம். முன்பு சொன்ன விதிப்படி காலம் முதல் சொல்லில்தானே? 'ஐ ஹேவ் ஸீன்' என்பது இன்றைய என் நிலை: நான் பார்த்தவன். தமிழில் 'பார்த்திருக்கிறேன்' என்று முடிவதும் நிகழ்காலத்தில்தான். அதோடு 'நேற்று' என்று முடிந்துபோன பொழுதைச் சேர்த்தால் ஒட்டாது. 'ஐ ஸா ஹிம் எஸ்டர்டே.'

பேச்சில் இது எப்படி ஓடும் என்று பாருங்கள். 'ஹேவ் யூ ஸீன் த தாஜ்மஹால்?' 'எஸ், ஐ ஹேவ்.' 'வென் டிட் யூ கோ?' 'ஐ வென்ட் இன் 2019.' முதல் கேள்வி அனுபவம் உண்டா என்று கேட்கிறது, அதற்கு 'ஹேவ்'. எப்போது என்று கேட்ட மறுநொடியே 'டிட்'டுக்கு மாறிவிடும். 'வென்' கேட்டால் 'ஹேவ்' வராது.

'சாப்பிட்டாச்சா?' என்பதற்கு என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். பிரிட்டிஷ் வழக்கில் 'ஹேவ் யூ ஈட்டன்?', அமெரிக்கர்கள் பலர் 'டிட் யூ ஈட்?' என்றே கேட்கிறார்கள். இரண்டும் சரி. 'டிட் யூ ஏட்?' மட்டும் வேண்டாம்.

சின்ன வயதில் தினமும் செய்ததை எப்படிச் சொல்வது?

'சின்ன வயசுல தினமும் ஆத்துல குளிப்போம்.' கவனித்தீர்களா, பழைய கதை சொல்லும்போது நாம் எதிர்கால வடிவத்தைப் போடுகிறோம். 'குளித்தோம்' என்றால் ஒருநாள் சம்பவம் மாதிரி இருக்கும். ஆங்கிலத்திலும் இதே சுகம் உண்டு: 'வீ வுட் பேத் இன் த ரிவர் எவ்ரி டே.' 'வில்' என்ற எதிர்காலச் சொல்லின் இறந்தகால வடிவம்தான் 'வுட்'. இரு மொழியும் இந்த இடத்தில் ஒன்றையொன்று பார்த்து எழுதியதுபோல் இருக்கும்.

'யூஸ்ட் டு' என்றும் சொல்லலாம். 'இருந்தது', 'பிடிக்கும்' போன்ற நிலைகளுக்கு 'யூஸ்ட் டு' மட்டும்தான் பொருந்தும்: 'தேர் யூஸ்ட் டு பீ எ வெல் ஹியர்.' கேள்வியில் 'டிட்' வந்ததும் டி உதிரும், 'டிட் யூ யூஸ் டு...' என்று எழுத வேண்டும்.

'இரண்டு வருடத்துக்கு முன்' என்பது 'டூ இயர்ஸ் பிஃபோர்' தானே?

இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'டூ இயர்ஸ் அகோ'. 'முன்' என்றவுடன் 'பிஃபோர்' என்று கை போவதுதான் சிக்கல்.

'நாளைக்கு வரேன்னு சொன்னான்' – இதை எப்படி மாற்றுவது?

தமிழில் அடுத்தவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே வைத்து 'என்று' போட்டு மூடிவிடுகிறோம். 'வரேன்' அப்படியே நிற்கிறது. ஆங்கிலத்தில் 'செட்' இறந்தகாலமானதும் உள்ளே இருப்பதும் ஒரு படி பின்னால் நகரும்: 'ஹி செட் ஹி வுட் கம்.' வாயில் வழக்கமாக வருகிற 'ஹி டோல்ட் ஹி இஸ் கமிங்' என்பதில் இன்னொரு குறையும் உண்டு. 'டோல்ட்' வந்தால் யாரிடம் என்று சொல்லியாக வேண்டும், 'ஹி டோல்ட் மீ'. சொன்ன செய்தி இன்றும் உண்மையாக இருந்தால் நகர்த்தாமலும் விடலாம்: 'ஷி செட் ஷி லிவ்ஸ் இன் கோவை.'

'லை', 'லே' எப்போதும் குழப்புகிறதே?

ஆங்கிலேயர்களையே குழப்பும். படுப்பது 'லை', அதன் இறந்தகாலம் 'லே'. கீழே வைப்பது 'லே', அதன் இறந்தகாலம் 'லெய்ட்'. பொய் சொல்வதும் 'லை'தான், ஆனால் இறந்தகாலம் 'லைட்'. இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஐ வென்ட் டு பெட்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

போனில் 'இதோ வந்துட்டேன்' என்கிறோம். 'ஐ கேம்' என்று சொன்னால் ஏன் சிரிக்கிறார்கள்?

வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டோம், ஆனால் 'வந்துட்டேன்' என்போம். விரைவைக் காட்ட எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொல்வது நம் இலக்கணம் ஒப்புக்கொண்ட மரபு, காலவழுவமைதி என்று பெயரே உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. 'ஐ'ம் கமிங்' என்றோ 'ஐ'ம் ஆன் மை வே' என்றோ சொல்ல வேண்டும்.

அவர்களுக்கும் வேறு வழுவமைதிகள் உண்டு. 'ஐ வாண்டிட் டு ஆஸ்க் யூ சம்திங்' என்று ஒருவர் சொன்னால் நேற்று கேட்க நினைத்தார் என்று பொருள் அல்ல. இப்போதுதான் கேட்கிறார், தயக்கத்தோடு, மரியாதையாக. 'இட்ஸ் டைம் வீ லெஃப்ட்' என்றால் இன்னும் கிளம்பவில்லை, கிளம்ப வேண்டிய நேரம். 'ஐ விஷ் ஐ நியூ' என்றால் இப்போது தெரியாது.

'இஃப்' வாக்கியமும் இந்த இனம்தான். 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்பதில் 'இருந்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே 'இருந்து' இருக்கிறது, அதுவே இறந்தகால அடி. 'இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை இட்' என்பதிலும் 'ஹேட்' இறந்தகாலம். இல்லாத பணத்தைப் பற்றிப் பேசுவதால் அப்படி. ஆனால் நம் 'ஆல்' எல்லா நிபந்தனைக்கும் வரும், அவர்களுடைய 'ஹேட்' கற்பனைக்கு மட்டும்தான் வரும். நிஜமாகவே நடக்கக்கூடியது என்றால் நிகழ்காலம். 'நாளைக்கு மழை பெய்தால் வர மாட்டேன்' – 'இஃப் இட் ரெய்ன்ஸ் டுமாரோ, ஐ வோன்ட் கம்.'